விழிப்பூட்டும் சில்லு

கணிப்பொறி நொடிப்பொழுதில் கணக்கிடும், படம் வரையும், பாட்டிசைக்கும், கடல் கடந்து கடிதம் அனுப்பும். இத்துணை ஆற்றல் வாய்ந்த அக்கருவி, மின்சாரம் பாயும் முதல் நொடியில் ஒன்றும் அறியாத நிலையிலேயே இருக்கிறது. நினைவகம் எவ்வளவு உள்ளது, விசைப்பலகை இணைக்கப்பட்டுள்ளதா, இயக்க மென்பொருள் எந்த வட்டில் உறைகிறது என்பவை அதற்குத் தெரியா. இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தறிந்து, முடிவில் இயக்க மென்பொருளை எழுப்பிவிடும் கட்டளைகள், தாய்ப்பலகையின்மீதுள்ள ஒரு சிறு சில்லில் எழுதப்பட்டுள்ளன. அக்கட்டளைத் தொகுதிக்குப் பயாஸ் என்பது பெயர்.

1970களில் கேரி கில்டால் என்னும் அமெரிக்க அறிஞர், தாம் இயற்றிய சிபி/எம் என்னும் இயக்க மென்பொருளில் இப்பெயரை வழங்கினார். 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணிப்பொறியில், பயாஸ் மாற்றி எழுதவொண்ணாத சில்லில் பதிக்கப்பட்டிருந்தது. அதனைத் திருத்த வேண்டின் சில்லையே மாற்றுதல் வேண்டும். பின்னர், எழுதியதை மின்சாரத்தால் அழித்து மீண்டும் எழுதத்தக்க பிளாஷ் நினைவகம் வழக்கத்திற்கு வந்தது. இன்றைய பலகைகளில் யூஈஎஃப்ஐ என்னும் புதிய முறை இயங்கினும், மக்கள் அதனையும் பயாஸ் என்றே வழங்குகின்றனர்.

இவ்வசதியோடு ஓர் இடரும் வந்தது. பிளாஷ் நினைவகத்தில் பழையதை முதலில் அழிக்க வேண்டும். அதன் பின்னரே புதியதை எழுத முடியும். அழித்தலுக்கும் எழுதி முடித்தலுக்கும் இடைப்பட்ட சிறுபொழுதில், தன்னை எழுப்பும் கட்டளைகளை இழந்து கணிப்பொறி நிற்கிறது. அப்பொழுது மின்சாரம் நின்றுவிடின், மறுமுறை பொத்தானை அழுத்தும்போது விசிறி சுழலலாம். திரையோ இருண்டே கிடக்கும். 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், சிஐஎச் என்னும் நச்சுநிரல் பல நாடுகளில் வட்டுகளிலிருந்த தகவல்களை அழித்ததோடு, சில பலகைகளின் பயாஸையும் சிதைத்தது. மற்ற உறுப்புகள் யாவும் நலமாக இருந்தும் அக்கணிப்பொறிகள் விழித்தெழவில்லை.

அங்ஙனமாயின் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமே எனச் சிலர் கருதலாம். அதுவும் எக்காலத்தும் பொருந்தாது. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணிப்பொறிச் செயலிகளுள் பல, மிகுதியான மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. அதனைத் தடுக்கும் திருத்தம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் பயாஸ் வழியே வழங்கப்பெற்றது. காலத்தே புதுப்பித்தோர்க்கு அது காவலாயிற்று. முன்னரே கெட்டுப்போன செயலியை அது மீட்கவில்லை. ஆகவே, வெளியீட்டுக் குறிப்பைப் படித்துத் தேவையை அறிதலே முதற்படி. புதிய செயலியைப் பொருத்துதல், பாதுகாப்புக் குறையை அடைத்தல், அறியப்பட்ட பழுதை நீக்குதல் ஆகியவை தக்க காரணங்களாம்.

தேவை உறுதியானபின், பலகையின் பெயரையும் அதன் திருத்த எண்ணையும் பிழையறக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பெயர் ஒன்றாயினும் திருத்த எண் வேறுபடின் கோப்பும் வேறுபடலாம். அக்கோப்பினைப் பலகையைச் செய்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே பெற்று, பென் டிரைவில் பதிந்துகொள்ளுதல் நலம். முக்கியமான தகவல்களுக்குப் படியெடுத்து வைத்தலும், பயாஸில் முன்பு செய்த அமைப்புகளைத் தாளில் எழுதிக்கொள்ளுதலும் இன்றியமையாதன; புதுப்பித்தபின் அவ்வமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடக் கூடும். வட்டு பிட்லாக்கர் முறையால் பூட்டப்பட்டிருப்பின், மீட்புத் திறவெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பூட்டினைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தல் வேண்டும். இன்றேல், பயாஸ் மாறியதைக் கண்ட காவல்முறை உரியவரிடமே திறவெண்ணைக் கேட்டுத் தடுத்து நிற்கும்.

இடிமின்னல் வேளையும் மின்வெட்டு நேரும் பொழுதும் இப்பணிக்கு உகந்தன அல்ல. யூ.பி.எஸ். கருவியின் துணை இருப்பின் அச்சம் குறையும். கணிப்பொறியை மீண்டும் தொடங்கி, பெரும்பாலான பலகைகளில் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் பயாஸ் திரை தோன்றும். அதிலுள்ள புதுப்பிக்கும் கருவியில் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஆணையிட்டபின், பணி முடியும்வரை எதனையும் தொடலாகாது. கணிப்பொறி தானே சிலமுறை அணைந்து எழலாம். நினைவகத்தைச் சோதிக்கும்போது திரை சில நிமிடங்கள் இருண்டிருக்கலாம். அதனைப் பழுதென எண்ணி மின்சாரத்தைத் துண்டிப்பது, இல்லாத பழுதை உண்டாக்குவதாகும்.

இத்தனைக்கும் பிறகு தவறு நேரினும் வழியின்றிப் போவதில்லை. சில பலகைகளில் இரண்டாவது சில்லொன்று காப்பாக அமைந்துள்ளது. வேறு சிலவற்றில், செயலியின் உதவியின்றியே பென் டிரைவிலிருந்து பயாஸை எழுதும் தனிப்பொத்தான் உண்டு. இவையில்லாத பலகையைப் பழுதுபார்ப்போர், தனிக்கருவியைச் சில்லுடன் இணைத்து மீண்டும் எழுதுவர். எனினும் அவ்வழியை நாடும் நிலை வாராமற் காப்பதே அறிவுடைமை. ஆயத்தத்திற்கு ஒருமணி நேரம் செலவிட்டு, காத்திருக்க வேண்டிய சில நிமிடங்களில் கையைக் கட்டிக்கொண்டிருப்பவருக்கு இப்பணி எளிதே.