குப்பை யாருடைய உடைமை? சாய்ந்தமருதுவும் சுழற்சிப் பொருளாதாரமும்

கழிவை மீண்டும் மூலப்பொருளாக்கும் முறையினை இன்று ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்பர். பெயர் புதிது, பிரச்சினை பழையது. இலண்டன் மாநகரின் கழிவு, வயலுக்கு எருவாகாது தேம்ஸ் நதியை மாசுபடுத்துவதற்கே பயன்பட்டமையை 1894இல் வெளிவந்த ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்திலேயே காண்கிறோம்.

சாய்ந்தமருதுவை இந்நோக்கில் ஆராயலாம். கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வட்டையின் நெல்வயல்கள், இடையே ஒடுங்கிய மணற்பரப்பில் நெருங்கிய குடியிருப்பு. மீன் கழிவும் சமையற் கழிவும் சேரும் ஊருக்குள் அவற்றை உக்கவைக்க நிலமில்லை. எருவை ஏற்கக்கூடிய வயல்களோ அண்மையிலேயே உள்ளன. ஆயினும் கல்முனை மாநகர சபைப் பிரதேசத்துக் குப்பை வயலுக்குச் செல்லவில்லை; சம்மாந்துறை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் குப்பையோடு சேர்ந்து, 2008 முதல் பள்ளக்காட்டு மேட்டிலே குவிந்தது. வனவிலங்கு வலயத்தை அடுத்த அம்மேட்டில் பிளாஸ்டிக்கை உண்டு, எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மாண்டமை 2022 ஜனவரியில் உலகச் செய்தியாயிற்று.

சபை சேகரிக்கும் குப்பை சபையின் உடைமை என்றும், அதனை விற்கும் அதிகாரம் அதற்குண்டு என்றும் 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. நடைமுறையில் நிகழ்வது வேறு. இரும்பு, போத்தல், கடதாசி மட்டை ஆகிய விலையுள்ளவை வீட்டு வாசலிலேயே பழம்பொருள் வியாபாரியின் கைக்குப் போய்விடுகின்றன. நனைந்ததும் நாறுவதுமே சபையின் ‘உடைமை’யாக எஞ்சுகின்றன. இலாபம் தனியாருக்கு, செலவு பொதுவுக்கு என்னும் பிரிவினை இங்கு துலக்கமாகத் தெரிகின்றது. பொலித்தீன் கலந்த கழிவிலிருந்து நல்ல எரு கிடையாது. ஆதலால் வீட்டில் செய்யப்படாத தரம்பிரிப்பு, குறைந்த கூலி பெறும் துப்புரவுத் தொழிலாளியின் கைகளுக்கு மாற்றப்படுகின்றது. அதிகாரிகள் ஓயாது உச்சரிக்கும் ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லை நாம் ஐயத்துடனேயே நோக்க வேண்டியுள்ளது.

எருவுக்குக் கேள்வியே இல்லையா? 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நாடெங்கும் சேதனப் பசளை தேடப்பட்டது. நவம்பரில் தடை நீங்கிற்று. வர்த்தமானியோடு வந்து வர்த்தமானியோடு போகும் சந்தையை நம்பி எந்தச் சபையும் கூட்டெரு நிலையமொன்றில் முதலிட முடியாது.

அதிகாரமும் அவ்வாறே நிலையற்றது. சாய்ந்தமருதுவுக்கெனத் தனி நகர சபை 2020 பெப்ரவரியில் வர்த்தமானியில் வெளியாகி, சில நாட்களிலேயே அமைச்சரவையால் நிறுத்தப்பட்டது. அவ்வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்ல முற்படவில்லை. ஆயின் தனிச் சபை கிடைத்தாலும் ஊருக்குள் நிலம் பெருகாது. அயற் சபைகளோடு கூட்டாக நிலமும், கரைவாகு வட்டை விவசாயிகளோடு அளவும் விலையும் குறித்த எழுத்துமூல உடன்பாடும் பெறுவதே அச்சபையின் முதல் வேலையாயிருக்கும்.