காசு கேட்காத பயிற்சியாளர்

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு விண்ணப்பிக்கும் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஆழ்வார்திருநகரியில் தாமிரபரணிக் கரையோரம் ஓடிப் பழகும் ஒருவருக்கு அந்த 1,500 மீட்டர் எங்கே முடிகிறது என்று சொல்ல, கோடு போட்ட ஓடுதளம் இல்லை, கைப்பேசி இருக்கிறது.

நைக்கி ரன் கிளப், அடிடாஸ் ரன்னிங் போன்ற செயலிகள் அந்த வேலையைச் செய்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வைத்துக் கைப்பேசி தன் இடத்தைக் கணிக்கிறது. ஓடும் வழியெல்லாம் கணித்த புள்ளிகளை இணைத்து, தூரத்தையும் வேகத்தையும் செயலி காட்டுகிறது. அடர்ந்த மரங்களுக்கு அடியில் கணக்குப் பிசகும். ஆகவே தேர்வுக்கு முன் அளந்த மைதானத்தில் ஒருமுறையாவது ஓடிப் பார்த்துவிட வேண்டும்.

பயன் உண்டு, கையாள்வதும் எளிது என்று தோன்றினால் மக்கள் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்பார்கள் என்று 1989-ல் ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் விளக்கினார். செயலியை முதலில் இறக்கிக்கொள்வதற்கு இந்தக் காரணம் போதும். மாதக்கணக்கில் அதை விடாமல் வைத்திருப்பதற்கு வேறு காரணம் உண்டு என்றே நினைக்கிறேன். போன வாரத்தைவிட இன்று பத்து நொடி குறைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. பயிற்சியாளருக்குக் கொடுக்கப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய தெம்பு. ஓட்டத்தை அளக்கச் செயலி காசு கேட்பதில்லை; அதை வெளியிடும் ஷூ நிறுவனத்தின் ஷூதான் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அப்படியானால் நிறுவனங்களுக்கு என்ன லாபம்? 2015-ல் அடிடாஸ், ஆஸ்திரியாவின் ரன்டாஸ்டிக் என்ற செயலி நிறுவனத்தை 22 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. மறு ஆண்டே ஆசிக்ஸ் என்ற ஷூ நிறுவனம், ரன்கீப்பர் செயலியை வாங்கியது. ஓடுவதற்கான ஷூ பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பார்கள். ஷூவைச் செயலியில் பதிந்து வைத்தால் அது ஓடிய தூரம் நமக்குத் தெரியும். அடுத்த ஜோடியை விற்கக் காத்திருப்பவருக்கும் தெரியும்.

காசுக்குப் பதிலாக நாம் கொடுப்பது இந்தத் தகவலைத்தான், ஓடும் வழியையும் சேர்த்து. 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா என்ற செயலியின் உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்களை வைத்தே ராணுவ முகாம்களை அடையாளம் காண முடிந்தது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் ஓடும் பெண்ணுக்கு இந்த ஆபத்து இன்னும் நெருக்கமானது. ஓட்டப் பதிவையும் வரைபடத்தையும் யார் பார்க்கலாம் என்பதைச் செயலியின் அமைப்புகளில் மாற்றலாம். முதல் ஓட்டத்துக்கு முன்பே அதைத் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.