மண்வெட்டி ஏந்திய மாணவர் படை

நிலநடுக்கம் என்றவுடன் இடிந்து விழுந்த கட்டடங்களே நம் கண்முன் தோன்றுகின்றன. பிழைத்தவர்களின் வாசலை அடைத்துக்கொள்ளும் சேற்றை நாம் எண்ணுவதில்லை. நியூசிலாந்து நாட்டின் கிறைஸ்ட்சர்ச் நகர மாணவர்கள் அந்தச் சேற்றையே தங்கள் பணியாக ஏற்றனர். புவியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அவ்வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

2010 செப்டம்பர் 4 அன்று விடியுமுன், அந்நகருக்கு மேற்கே 7.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. 2011 பிப்ரவரி 22 அன்று நண்பகலில் மீண்டும் பூமி குலுங்கியது. இது முன்னதைவிட அளவில் சிறியது. ஆயினும் நகருக்கு மிக அருகிலும் குறைந்த ஆழத்திலும் தோன்றியமையால் 185 பேர் மாண்டனர். அவ்வாண்டு ஜூனிலும் டிசம்பரிலும் வலுவான அதிர்வுகள் தொடர்ந்தன.

சேறு எங்கிருந்து வந்தது? கடற்கரையின் ஈரமணலில் நின்று கால்களை மாற்றி மாற்றி மிதித்துப் பாருங்கள். மணல் இளகும், நீர் மேலே கசியும். ஏவன் ஆற்றை ஒட்டிய பகுதிகளில் மணலும் வண்டலும் நிலத்தடி நீரில் ஊறிக் கிடந்தன. அதிர்வினால் மணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் பிடியை இழந்தன. இடையிலிருந்த நீரின் அழுத்தம் உயர்ந்தது. நிலம் குழம்பாகி, வெடிப்புகளின் வழியே பீறிட்டது. இதனையே மண் திரவமாதல் என்பர். அவ்வாறு வெளிவந்து, பின்னர் அகற்றப்பட்ட மண் பல லட்சம் டன்.

கேன்டர்பரி பல்கலைக்கழக மாணவர் சாம் ஜான்சன் முதல் நிலநடுக்கத்திற்குப் பின் முகநூல் வழியே தோழர்களை அழைத்தார். ஏறத்தாழ 2,500 பேர் திரண்டனர். பிப்ரவரியில் அத்தொகை பல ஆயிரமாகப் பெருகியது. 'மாணவர் தொண்டர் படை' என்னும் பெயர் நிலைபெற்றது.

பயிற்சியற்ற கூட்டம் உதவியைவிட இடையூறே செய்யும் என்பது பேரிடர்ப் பணியில் உள்ளோரின் பொதுவான அச்சம். அது நியாயமானதே. இடிபாடுகளில் சிக்கியோரை மீட்பது வல்லுநர் வேலை. மாணவர்களோ மண்வெட்டியும் தள்ளுவண்டியும் போதுமான வேலையைத் தேர்ந்தனர். குழுக்களாகப் பிரிந்து தெருத்தெருவாகச் சென்றனர். சேற்றை அள்ளியதோடு நில்லாமல் குடிநீரும் தகவல் துண்டறிக்கைகளும் வீடுவீடாகக் கொண்டு சேர்த்தனர். தனித்து வாழும் முதியவர் ஒருவரால் தம் முற்றத்துச் சேற்றை ஒரு மாதத்திலும் அள்ள இயலாது. பத்து இளைஞர்களுக்கு அது அரைநாள் வேலை. ஜூனில் நிலம் மீண்டும் சேற்றைக் கக்கியபோது, மாணவர்களும் மீண்டும் வந்தனர். அள்ளிய இடத்தையே மறுமுறையும் அள்ளுவதற்கு உடல் வலிமை மட்டும் போதாது.

மாணவ நண்பர்களே! ஆர்வம் நம்மிடம் குறைவில்லை. நம்மால் எது இயலும், எது இயலாது என அறிந்து, ஒழுங்குடன் செயற்படும்போதுதான் ஆர்வம் தொண்டாகிறது. வீரச் செயலைத் தேடாமல், எவரும் செய்யக்கூடிய வேலையை எல்லோரும் சேர்ந்து செய்தனர் கிறைஸ்ட்சர்ச் மாணவர்கள். அவர்களது பெருமை அதுவே என்பது என் கருத்து.