மின்னஞ்சல் வேண்டுகோளில் பணிவு: தமிழ், இத்தாலியம், போலிஷ்

பிரம்மதேசம் போன்ற ஊர்களிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் அரசு கலைக் கல்லூரிகளுக்கு வந்து பயிலும் மாணவர் ஒருவர், நேரில் “சார், அந்தக் கட்டுரைய அனுப்புங்க சார்” என்று கேட்டால் அதில் எவரும் குறை காண்பதில்லை. அவரே மின்னஞ்சலில் “கட்டுரையை அனுப்பவும்” என்று எழுதினால் அது ஆணையாக ஒலிக்கிறது. இதனை மாணவரின் பண்புக் குறையாகக் கொள்வது பொருந்தாது. பேச்சில் பணிவைச் சுமக்கும் கூறுகள் எழுத்தில் விடுபடுவதே இதற்குக் காரணம் என்பதை இத்தாலிய, போலிஷ் மொழி வழக்குகளுடன் ஒப்பிட்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒருவரைப் பன்மையால் சுட்டுவதை வழக்கில் தோன்றிய உயர்சொல் என்றே தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் கொள்கிறார். இன்றைய மடல்களில் ‘நீங்கள்’ என்பதினும் உயர்வாகக் கருதப்படும் ‘தாங்கள்’, அடிப்படையில் படர்க்கைப் பன்மைச் சொல்லாகும். முன்னிலையாரைப் படர்க்கைக்கு நகர்த்தி மதிப்பளிக்கும் இவ்வுத்தி ஐரோப்பாவிலும் உண்டு. இத்தாலியர் பேராசிரியரை ‘அவள்’ எனப் பொருள்படும் ‘லேயி’ என்னும் சொல்லாலும், போலந்தினர் ‘ஐயா’, ‘அம்மா’ எனப் பொருள்படும் ‘பான்’, ‘பானி’ என்னும் சொற்களாலும் சுட்டுவர். அங்கு வினைமுற்றும் படர்க்கையிலேயே அமையும். தமிழிலோ “தாங்கள் அனுப்பினீர்கள்” என வினை முன்னிலைக்குத் திரும்பிவிடுகிறது.

ஆயினும் சிக்கல் பெயர்ச்சொல்லில் இல்லை. வேண்டுகோள் வினையில்தான் உள்ளது. பேச்சில் ‘-ங்க’ விகுதியும், தொடரின் முன்னும் பின்னும் வரும் ‘சார்’ என்னும் விளியும் ஏவலின் கடுமையைத் தணிக்கின்றன. மடலில் அவ்விளி “மதிப்பிற்குரிய ஐயா” என ஒருமுறை தொடக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது. ‘அனுப்புங்க’ பேச்சுநடை என்று தயங்கும் மாணவர், படிவங்களிலும் அறிவிப்புப் பலகைகளிலும் கண்ட ‘அனுப்பவும்’ என்னும் வடிவத்தை உயர்நடை என நம்பி எடுத்துக்கொள்கிறார். அது அலுவலகம் பொதுமக்களுக்குப் பணிக்கும் நடை.

போலிஷ் மொழியில் ஏவல்வினையை விடுத்து, “கட்டுரை அனுப்பப்படுவதைப் பணிவுடன் வேண்டுகிறேன்” என்னும் பொருள்படத் தொழிற்பெயரால் எழுதுவர். இத்தாலியத்தில் “அனுப்ப இயலுமாயின் நன்றியுடையவனாவேன்” என நிபந்தனை வினை கைகொடுக்கிறது. முன்னதற்கு நிகரான தொடரை நம் மாணவர் பள்ளியிலேயே அறிவர்: “இரண்டு நாள்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” விடுப்பு விண்ணப்பத்திற்கு மட்டுமே உரியதாக மனப்பாடம் செய்யப்பட்டதால் அத்தொடர் பிற இடங்களில் நினைவுக்கு வருவதில்லை.

பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோரின் புகழ்பெற்ற பணிவுக் கோட்பாடு கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் பேச்சுத் தமிழையும் சான்றாகக் கொண்டு உருவானது. நம் பேச்சுவழக்கின் நயம் உலக ஆய்வுக்குப் பயன்பட்டிருக்க, நம் பாடநூல்கள் மடலின் முகப்பையும் முடிப்பையும் கற்பிக்கும் அளவுக்கு நடுவிலுள்ள வேண்டுகோளைக் கற்பிப்பதில்லை. ‘அனுப்பவும்’, ‘அனுப்புங்கள்’, ‘அனுப்புமாறு வேண்டுகிறேன்’, ‘அனுப்ப இயலுமா’ என்னும் நான்கின் வேறுபாட்டை விளக்க ஒரு வகுப்பு நேரம் போதும். அதுவரை ‘அனுப்பவும்’ என முடியும் மடலைப் பெறும் ஆசிரியர், அதனை ‘அனுப்புங்க சார்’ என்றே படித்துக்கொள்ளலாம்.