இடம்மாறும் நாளில் ஒரு பானைக் கூழ்

கியூபெக் மாநிலத்தில் வீட்டு வாடகை ஒப்பந்தங்களிற் பெரும்பாலானவை யூன் 30 ஆம் திகதியோடு முடிவடைகின்றன. ஆகவே யூலை 1 ஆம் திகதி கனடா முழுவதும் நாட்டின் பிறந்தநாளைக் கொண்டாடும் வேளையில், மொன்றியல் நகரம் கட்டிலும் மெத்தையும் அலுமாரியுமாகத் தெருவில் நின்றுகொண்டிருக்கும். வந்த புதிதில் இதனைக் கண்ட எம்மவர் பலர் ஏதோ கலவரத்தில் ஊர் இடம்பெயர்கிறதென்றே திகைத்ததுண்டு. இடப்பெயர்வு என்றால் எமக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதானே!

இந்நாளில் வீடு மாறும் தமிழ்க் குடும்பங்கள் கூலிக்கு ஆள் பிடிப்பது அரிது. ஒருவருடைய வான், இன்னொருவருடைய கயிறு, எட்டுப் பத்துப் பேருடைய தோள்கள் என்று வேலை நடந்து முடிந்துவிடும். முடிந்தபின் வியர்வையோடு தரையில் அமர்ந்திருக்கும் அவர்களுக்கு எதைக் கொடுப்பது? பீற்சாப் பெட்டிகளை வாங்கி அடுக்கிவிடலாம். நாம் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதிக்குக் குடிவந்த அன்று ஒடியல் கூழ் காய்ச்சினோம். அதன் செய்முறையையும், அப்பானை எமக்குக் கற்பித்த சிலவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீன் பெயர் கொண்ட ஊர்

மொன்றியல் தீவின் வடகரையில், றிவியேர்-தே-பிரேரி ஆற்றை ஒட்டிக் கிடப்பது இப்பகுதி. 1625 இல் இவ்வாற்றின் விரைநீரில் நிக்கொலா வியெல் என்னும் கத்தோலிக்கத் துறவியோடு மூழ்கி இறந்ததாகக் கூறப்படும் இளைஞனின் பட்டப்பெயரே அஹுன்ட்சிக். பூர்வகுடிகளான ஹூரோன் மக்களின் மொழியில் அது ஒரு சிறுமீனைக் குறிக்கும் சொல்லென்று விளக்கம் கூறுவோர் உளர். துள்ளித் திரியும் சிறுவனுக்கு மீனின் பெயரை இடும் மக்கள் எமக்கு அந்நியராகத் தோன்றவில்லை.

நாம் இங்கு வருமுன் இருந்த வீட்டில் இரண்டு ஆண்டுகள் கூழ் காய்ச்சவில்லை. மீன் மணம் படிக்கட்டு வரை வருகிறதென்று ஒருமுறை கதவில் தாள் ஒட்டப்பட்டிருந்தது. எவர் ஒட்டினாரென்று நாம் கேட்கவில்லை. அகதிக் கோரிக்கை விசாரணையில் இருக்கும் குடும்பம் அயலாரோடு வழக்கு வைத்துக்கொள்ள முடியுமா? கருவாட்டை நிறுத்தினோம், பின்னர் நண்டை நிறுத்தினோம், ஈற்றில் பெட்டியில் வரும் மீன்துண்டுகளைச் சூட்டடுப்பில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஊரிலிருந்து வந்த ஒடியல் மாப்பொதி மட்டும் குளிர்பெட்டியின் அடியில் திறக்கப்படாமல் கிடந்தது.

சோவே மெற்றோ நிலையத்திலிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவில், மூன்றாம் மாடியில், புதிய வீட்டின் அடுப்பை மூட்டியபோதும் அதே அச்சம் இருந்தது. எனினும் பொருள் சுமந்து வந்தவர்களுள் ஒருவரான இளைஞர், வடமராட்சிக் கரையைச் சேர்ந்தவர், அந்தப் பொதியைக் கண்டுவிட்டார். "அக்கா, இதை வைச்சுக்கொண்டோ பீற்சாவுக்குச் சொல்லப் போறியள்?" என்றார். அதற்கு மறுமொழி எம்மிடம் இருக்கவில்லை.

ஒடியல் என்பது யாது?

இங்கு பிறந்த பிள்ளைகளுக்காக இதனை விரித்துக் கூறவேண்டியுள்ளது. பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கி மண் மூடினால், அது முளைத்துக் கீழ்நோக்கிக் கிழங்கு விடும். அக்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பச்சையாகக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அந்த ஒடியலை இடித்தெடுத்த மாவே கூழுக்கு உயிர். பனையின் பயன்கள் 801 என்று பழைய பாடலொன்று கணக்கிட்டதாகக் கூறுவர். 1850 இல் வில்லியம் பேர்கியூசன் என்பவர் கொழும்பில் பனையைப் பற்றித் தனிநூலே வெளியிட்டார். 1978 இல் இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது.

நவாலியூர் சோமசுந்தரப்புலவர் பாடிப் புகழ்பெறச் செய்த ஆடிக்கூழ் வேறு. அது பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேரும் இனிப்புக் கூழ். ஒடியல் கூழோ உறைப்பும் புளிப்பும் கடல்மணமும் கொண்டது. வலையில் எஞ்சிய சிறுமீன், கால் முறிந்த நண்டு, கொல்லையில் முறித்த கீரை ஆகியவற்றை ஒரே பானையில் இட்டுப் பலரின் பசியாற்றிய உணவு அது. பிரான்சின் மார்செய் துறைமுகத்து மீனவரும் விலைபோகாத மீன்களைக் கொண்டு இவ்வாறே புயபேஸ் என்னும் சூப்பைக் காய்ச்சினர். வேலைத்தலத்தில் பிரெஞ்சு மொழியினர் கூழென்றால் என்னவென்று கேட்கும்போது "எங்கள் புயபேஸ்" என்று சொல்லிப் பாருங்கள்; உடனே விளங்கிக்கொள்வர்.

செய்முறை (பத்துப் பேருக்கு)

வேண்டியவை: ஒடியல் மா 250 கிராம், தலையோடு கூடிய மீன் 1 கிலோ, நண்டு 4, இறால் 300 கிராம், கணவாய் 250 கிராம், பயிற்றங்காய் 200 கிராம், மரவள்ளிக்கிழங்கு 250 கிராம், பலாக்கொட்டை 20, அரிசி ஒரு கைப்பிடி, முருங்கையிலை இரண்டு கைப்பிடி, செத்தல் மிளகாய் 15, பழப்புளி எலுமிச்சம்பழ அளவில் இரண்டு உருண்டை, மஞ்சள் ஒரு தேக்கரண்டி, உப்பு அளவாக, தண்ணீர் 4 லீற்றர்.

முதல் வேலை மாவை ஊறவைப்பது. ஒரு லீற்றர் தண்ணீரில் மாவைக் கரைத்து இரண்டு மூன்று மணிநேரம் அசையாமல் வைக்க வேண்டும். மா அடியில் படிந்தபின் மேலே தெளிந்த நீரை இறுத்து ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்தல் நலம். கசப்பு இந்த நீரோடுதான் போகும். அவசரக்காரர் கூழ் கைப்பதற்குக் காரணம் இதுவே.

பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய், மீன்தலைகள், மஞ்சள் என்பவற்றை இட்டு, கொட்டையும் கிழங்கும் வேகும் வரை விடுக. நாம் இந்த இடத்தில் நண்டையும் சேர்த்து இட முற்பட்டபோது இளைஞர் எமது கையைத் தடுத்தார். "அது ஊர் நண்டுக்குச் சரி அக்கா. இது அவிச்சு ஐசிலை வைச்ச நண்டு. இப்ப போட்டால் சதை தும்பாப் போகும்." அவர் கூறியது உண்மை. கனடாவில் விற்கப்படும் பனிநண்டு பெரும்பாலும் ஏற்கெனவே அவிக்கப்பட்டது. இறுதி ஐந்து நிமிடங்களே அதற்குப் போதும். ஆசியக் கடைகளில் உறைநிலையில் கிடைக்கும் பச்சை நண்டாயின், கிழங்கு வெந்தவுடன் முதலில் அதனை இட்டுப் பத்து நிமிடம் அவிக்கலாம். அடுத்து மீன்துண்டுகள், அதன்பின் இறால், கணவாய்.

செத்தல் மிளகாயை ஊறவைத்து அரைத்து, புளிக்கரைசலோடும் ஊறிய மாவோடும் கலந்து, தீயைக் குறைத்துப் பானையில் ஊற்றித் துழாவ வேண்டும். அகப்பை ஓயுமானால் மா கட்டிபட்டு அடிப்பிடிக்கும். நன்றாகக் கொதித்து, அகப்பையிலிருந்து விழும் கூழ் இழையாக வடியும் பதத்தில் உப்புப் பார்த்து, முருங்கையிலையைத் தூவி இறக்கிவிடலாம். ஆறினால் மேலும் தடிக்குமாதலால் சற்றுத் தண்ணீர்ப் பதமாகவே இறக்குதல் நன்று. தேங்காய்ச்சொட்டைக் கடித்துக்கொண்டு குடித்தால் உறைப்புத் தணியும். விருந்தினருள் நண்டு, இறால் ஒவ்வாதவர் உண்டா என்று முன்னரே கேட்டுக்கொள்ளுதல் கட்டாயம்.

ஒடியல் மாவைப் பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியிலுள்ள எம்மவர் கடைகளிற் கேட்டுப் பார்க்கலாம். முருங்கையிலை அகப்படாவிடின் பசளிக்கீரை போதும். மரவள்ளியும் பலாக்கொட்டையும் ஆசியக் கடைகளின் உறைபெட்டிகளில் உள்ளன. பலாவிலை கோலிக் குடிப்பதற்கு மட்டும் இங்கு மாற்றில்லை. நாம் கடதாசிக் குவளைகளில் ஊற்றிக் கொடுத்தோம்.

கீழ்வீட்டு அம்மையாரும் மாட்டெலும்புச் சாறும்

கூழ் கொதித்துக்கொண்டிருக்கையில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டில் வசிக்கும் வியற்நாமிய மூதாட்டி நின்றார். நாம் மன்னிப்புக் கேட்க வாய் திறக்குமுன், "இது என்ன மீன்?" என்று பிரெஞ்சில் வினவினார். உள்ளே அழைத்தோம். குவளையை இரு கைகளாலும் வாங்கிக் குடித்துவிட்டு, இரண்டாம் முறையும் நீட்டினார். 1979, 1980 ஆம் ஆண்டுகளில் கனடா ஏற்றுக்கொண்ட அறுபதினாயிரம் இந்தோசீன அகதிகளுள் அவரும் ஒருவர் என்பதைப் பின்னர் அறிந்தோம். படகில் வந்தவர்களுக்குக் கடல்மணம் குற்றமாகப் படுவதில்லைப் போலும்.

மறுவாரம் அவர் தமது முறையைக் கற்பித்தார். இரண்டு கிலோ மாட்டுக்கால் எலும்பைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து அந்த அழுக்கு நீரை முழுவதும் கொட்டிவிட வேண்டும். எலும்பைக் கழுவி, ஐந்து லீற்றர் புதுத்தண்ணீரில், நெருப்பில் வாட்டிய வெங்காயமும் இஞ்சியும் சேர்த்து, சிறுதீயில் ஐந்தாறு மணிநேரம் விட வேண்டும். பொங்கிக் கொதித்தால் சாறு கலங்கும்; மெல்லக் குமிழியிட்டால் தெளிந்து நிற்கும். எலும்பின் பசை நீரில் இறங்குவதால் ஆறியபின் அது கட்டியாகும். அதுவே செறிவின் அடையாளம்.

கூழில் மாட்டிறைச்சி சேர்ப்பது யாழ்ப்பாண வழக்கன்று. சைவக் குடும்பங்கள் பலவற்றில் அது வீட்டினுள்ளேயே வருவதில்லை. ஆயினும் மாட்டிறைச்சி உண்போர் எம்மிடையே உளர். அவர்கள் பானைத் தண்ணீரிற் பாதியை இச்சாற்றால் மாற்றி, அவித்த இறைச்சியையும் மெல்லியதாக அரிந்து இடலாம். நாமும் காய்ச்சிப் பார்த்தோம். கூழ் கனத்தது, சுவை ஆழ்ந்தது, ஆனால் ஒடியலின் மணம் சற்றுப் பின்தங்கியது. பலர் கூடும் இடத்தில் இதனைத் தனிப்பானையிலேயே செய்து, எது எதுவென்று வெளிப்படையாகச் சொல்லிப் பரிமாறுதல் வேண்டும். ஒருவர் தவிர்க்கும் உணவை அறியாமல் ஊட்டிவிடுவது விருந்தோம்பலாகாது.

இரு கரைகளின் கடல்

எமது பானையில் விழும் நண்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1986 ஓகஸ்ட் 11 ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கண்டு காப்பாற்ற முதலில் விரைந்தவர் கஸ் டோல்ற்றன் என்னும் மீனவர். அவ்வாறு கரையேறியோரிற் பலர் பின்னர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தனர். ஆறு ஆண்டுகளின் பின், 1992 யூலை 2 ஆம் திகதி, மீன்வளம் அழிந்துபோனதால் அக்கரையின் கொட் மீன்பிடியைக் கனடிய அரசு தடைசெய்தது. பல்லாயிரம் மீனவக் குடும்பங்கள் ஒரே நாளில் தொழிலிழந்தன. 2024 இல்தான் அத்தடை முடிவுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர்களைத் தாங்கியவை நண்டும் இறாலும்.

அதே ஆண்டுகளில் எமது வடகரை மீனவரும் போரினால் கடலுக்குள் இறங்க முடியாது தவித்தனர். காரணங்கள் வேறாயினும், கரையில் கவிழ்ந்து கிடக்கும் படகின் துயரம் ஒன்றே. எம்மைக் கரைசேர்த்த மக்களின் கடலிலிருந்து வரும் நண்டை, எமது பனையின் மாவோடு சேர்த்துக் காய்ச்சும்போது இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் தகும்.

எழுதி வைத்த தாள்

அன்று அந்த இளைஞர் துழாவத் துழாவ, எமது மூத்த மகள் அவர் சொன்ன வரிசையைப் பெட்டி மூடியொன்றிற் பிரெஞ்சில் எழுதிக்கொண்டாள். பின்னர் நாம் அருகிருந்து தமிழில் எழுதச் செய்தோம். "ஊறவைத்தல்", "இறுத்தல்", "துழாவுதல்" ஆகிய மூன்று சொற்களும் அவளுக்குப் புதியவை. அவற்றிற்குப் பிரெஞ்சில் என்ன சொல்வதென்று தேடிக் களைத்து, ஈற்றில் தமிழ்ச் சொற்களையே வைத்துக்கொண்டாள்.

இளைஞர் அன்று தமது வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. விசாரணைத் திகதி இருமுறை தள்ளிப்போயிருந்ததை நாம் அறிந்திருந்தோம்; கேட்கவுமில்லை. தாயார் காய்ச்சும்போது தாம் மிளகாய் அரைத்துக் கொடுப்பது வழக்கமென்று மட்டும் கூறினார். பின்னர் அவரது கோரிக்கை ஏற்கப்பட்டு, வேலை தேடி வேறு நகரம் சென்றார். அடுத்த யூலை 1 அன்று தொலைபேசியில் அழைத்தார். வீட்டில் அனைவரும் நலமா என்று கேட்கும் முன்னரே, "மா ஊறப்போட்டாச்சோ?" என்றார்.

போட்டாயிற்று. அவ்வாண்டு வீடு மாறியவர்கள் நாமல்லர், தெருமுனைக் குடும்பம் ஒன்று. பானை மட்டும் எம்முடையது. கீழ்வீட்டு அம்மையார் தமது சாற்றைத் தனிச்சட்டியிற் கொண்டுவந்தார். வாசகர்களே, உங்கள் வீட்டிலும் திறக்கப்படாத பொதி ஒன்று இருக்குமாயின், அதனை வெளியே எடுங்கள். சாளரத்தைச் சற்றுத் திறந்துவையுங்கள். கீழ்வீட்டுக் கதவைத் தாங்களே முதலிற் சென்று தட்டுங்கள்.