சுமையை இடம் மாற்றிய நகரம்

சிகாகோ என்ற பெயர் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. 1893 செப்டம்பரில் விவேகானந்தர் பேசிய சர்வசமய மாநாடு அங்கேதான் நடந்தது. எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் போராடியபோது, 1886 மே மாதம் ஹேமார்க்கெட் கூட்டத்தில் குண்டு வெடித்ததும், அந்த வழக்கில் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டதும் அங்கேதான். அந்தப் போராட்டத்தின் நினைவாக வந்த மே தினத்தை 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடினார். இந்தியாவின் முதல் மே தினம் அது. இவற்றோடு அல் கபோன் கதைகளும் வானளாவிய கட்டடங்களின் படங்களும் சேர்ந்து நம் மனத்தில் ஒரு சிகாகோ இருக்கிறது. ஆனால் அந்த நகரத்தின் குணத்தைப் புரிந்துகொள்ள அதன் சாக்கடையிலிருந்து தொடங்குவதே நல்லது. கிடைத்த நிலத்தையும் நீரையும் அப்படியே ஏற்க மறுத்து மாற்றியமைக்கும் அசாத்தியமான துணிச்சல் சிகாகோவுக்கு உண்டு. அந்தத் துணிச்சலுக்கான விலையை வலுக்குறைந்தவர்கள் தலையில் இறக்கிவைக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. இரண்டையும் தனித்தனியே பார்த்தால் அந்த நகரம் பிடிபடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். மிச்சிகன் ஏரியின் தென்மேற்கு ஓரத்தில், ஏரி மட்டத்துக்குச் சில அடி மட்டுமே மேலே கிடந்த களிமண் சதுப்பு அது. மழை பெய்தால் நீர் வடிய வழியில்லை. அங்கே மனிதர்கள் கூடியதற்குக் காரணம், சில மைல் மேற்கே இருந்த ஒரு சிறு மேடு. மேட்டுக்குக் கிழக்கே விழும் மழை பேரேரிகள் வழியாக அட்லாண்டிக் கடலுக்குப் போகும். மேற்கே விழுவது மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். பொட்டாவாட்டமி உள்ளிட்ட பூர்வகுடிகள் ஓடங்களைத் தூக்கிச் சுமந்து ஒரு நீர்வழியிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய கடவு அது. 1833இல் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் பொட்டாவாட்டமி மக்களிடமிருந்து நிலத்தை வாங்கிக்கொண்டு, அவர்களை மிசிசிப்பிக்கு அப்பால் போகச் செய்தது அமெரிக்க அரசு. நான்கு ஆண்டுகள் கழித்து, சுமார் 4,000 பேருடன் சிகாகோ முறைப்படி நகரமாயிற்று. 1848இல் அந்த இரு நீர்வழிகளையும் இணைக்கும் கால்வாய் திறக்கப்பட்டது. முதல் ரயில் ஓடியதும், தானிய வணிகத்துக்கான வர்த்தக வாரியம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1890 கணக்கெடுப்பில் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு மனித ஆயுளுக்குள் நடந்த வளர்ச்சி இது.

ஊர் பெருத்ததும் சதுப்பு தன் வேலையைக் காட்டியது. கழிவு நீர் தெருவிலேயே தேங்கியது. 1854இல் காலரா ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. எல்லிஸ் செஸ்ப்ரோ என்ற பொறியாளரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. தோண்டிப் புதைத்தால் குழாய்களுக்குச் சாய்வு கிடைக்காது. நிலம் அவ்வளவு தட்டை. ஆகவே அவர் குழாய்களைத் தெருவின் மேலேயே பதித்து, அவற்றின் மேல் மண்ணைக் கொட்டித் தெருக்களை உயர்த்தச் சொன்னார். தெரு உயர்ந்ததும் கட்டடங்கள் பள்ளத்தில் நின்றன. சரி, கட்டடங்களையும் தூக்குவோம் என்று முடிவாயிற்று. 1860இல் லேக் தெருவில் 320 அடி நீளத்துக்கு ஒட்டிக் கட்டப்பட்டிருந்த செங்கல் கட்டட வரிசை ஒன்றை ஒரே மூச்சில் தூக்கினார்கள். அடித்தளத்தின் கீழே சுமார் 6,000 ஜாக்கிகள். அவற்றைத் திருக 600 ஆட்கள். சைகை வந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரே அளவு திருகினார்கள். ஐந்து நாளில் நாலரை அடிக்கு மேல் உயர்ந்தது. அந்த நாட்களில் மேலே கடைகள் திறந்தே இருந்தன. வாடிக்கையாளர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், மின்சாரம்கூட வராத காலத்தில், ஒரு நகரம் தன்னைத்தானே தூக்கி நிறுத்திக்கொண்டதை எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் அந்தக் குழாய்கள் கழிவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சிகாகோ ஆற்றில். ஆறு போய்ச் சேர்ந்தது ஏரியில். குடிநீர் வந்தது அதே ஏரியிலிருந்து. 1867இல் ஏரியின் அடியில் இரண்டு மைல் தூரத்துக்குச் சுரங்கம் வெட்டி, கரையின் அழுக்கு எட்டாத இடத்திலிருந்து நீர் எடுத்தார்கள். பெருமழை வந்தால் அழுக்கு அங்கும் எட்டும் என்ற அச்சம் தீரவில்லை. கடைசியில் ஆற்றையே திருப்புவது என்று துணிந்தார்கள். மேற்கே இருந்த மேட்டை அறுத்து, 28 மைல் நீளக் கால்வாயை ஆற்றைவிட ஆழமாக வெட்டினார்கள். ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்த ஆறு, 1900 ஜனவரியில் ஏரியிலிருந்து நீரை இழுத்துக்கொண்டு மேற்கே ஓடத் தொடங்கியது. சிகாகோவில் டைபாய்டு சாவுகள் குறைந்தன. அந்தச் சாதனையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கழிவு மறையவில்லை. அது மிசிசிப்பியை நோக்கி, செயின்ட் லூயிஸ் நகரம் குடிநீர் எடுக்கும் திசையில் போனது. மிசௌரி மாநிலம் வழக்குப் போடும் என்று தெரிந்தே, தடையாணை வருவதற்குள் சத்தமில்லாமல் கால்வாயைத் திறந்துவிட்டார்கள். வழக்கும் வந்தது. 1906இல் உச்ச நீதிமன்றம், செயின்ட் லூயிஸின் நோய்க்குச் சிகாகோவின் கழிவே காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தள்ளுபடி செய்தது. கழிவைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையங்கள் 1920களில்தான் ஒவ்வொன்றாக வந்தன. பிரச்சினையைத் தீர்ப்பதற்கும் அடுத்தவர் வாசலுக்கு நகர்த்துவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிகாகோ அப்போது கவனிக்க மறுத்தது என்றே சொல்ல வேண்டும்.

நகரத்துக்குள்ளும் இதே கதைதான். 1865இல் தொடங்கிய யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ், அமெரிக்காவின் மாட்டிறைச்சிக்கும் பன்றியிறைச்சிக்கும் தலைமையிடமாயிற்று. தென்மேற்குச் சமவெளிகளின் மந்தைகள் ரயிலில் வந்தன. குளிரூட்டிய பெட்டிகளில் இறைச்சியாகக் கிழக்கே போயின. எஞ்சிய இரத்தமும் குடலும் ஆற்றின் தென்கிளையிலிருந்து பிரியும் ஓர் ஓடையில் கொட்டப்பட்டன. அடியில் அழுகியவற்றிலிருந்து எழுந்த வாயு நீர்மட்டத்தில் குமிழ்விட்டதால் அதற்கு ‘பப்ளி க்ரீக்’ என்றே பெயர் நிலைத்தது. தொழுவங்கள் 1971இல் மூடப்பட்டுவிட்டன. ஓடையில் குமிழி இன்னும் நிற்கவில்லை. அந்த நாற்றத்துக்கு அருகே குடியிருந்தவர்கள் போலந்திலிருந்தும் லித்துவேனியாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர்கள். அப்டன் சின்க்ளேர் 1906இல் வெளியிட்ட ‘தி ஜங்கிள்’ நாவல் அவர்கள் வாழ்க்கையைத்தான் சொன்னது. நாடு கொதித்தது, அதே ஆண்டு இறைச்சி ஆய்வுச் சட்டம் வந்தது. உண்பவரைக் காக்கச் சட்டம் வந்த வேகத்தில் வெட்டியவரைக் காக்கச் சட்டம் வரவில்லை.

இந்தப் பழக்கத்தின் மிகக் கொடிய வடிவம் கறுப்பின மக்கள் விஷயத்தில் வெளிப்பட்டது. தென் மாநிலங்களின் ஒடுக்குமுறையிலிருந்து தப்பி, தொழுவங்களிலும் உருக்காலைகளிலும் வேலை தேடி அவர்கள் வந்தார்கள். 1910இல் சுமார் 44,000 பேர். 1930இல் 2,33,000க்கும் மேல். உழைப்பு வேண்டியிருந்தது, அண்டைவீடு வேண்டாம் என்றது நகரம். கறுப்பர்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று வீட்டுப் பத்திரங்களிலேயே எழுதிவைத்தார்கள். 1919 ஜூலையில் ஏரியில் மிதவையில் இருந்த 17 வயது யூஜின் வில்லியம்ஸ், வெள்ளையர் பக்கமாக ஒதுங்கியதற்காகக் கல்லெறியப்பட்டு மூழ்கி இறந்தான். அடுத்து நடந்த கலவரத்தில் மாண்டவர் 38 பேர். அவர்களில் 23 பேர் கறுப்பர்கள். நாவலிலும் நாடகத்திலும் மட்டுமல்ல, நீதிமன்ற ஏடுகளிலும் இந்த வரலாறு கிடக்கிறது. நாடகாசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் தந்தை வாங்கிய வீடு பற்றிய வழக்கு 1940இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பின்னர் அரசே வீடு கட்டிக் கொடுத்தபோதும் எல்லைக்கோடு மாறவில்லை. டான் ரையன் விரைவுச்சாலையை ஒட்டி, 1962இல் முடிந்த ராபர்ட் டெய்லர் குடியிருப்பில் 16 மாடிக் கட்டடங்கள் 28 இருந்தன. வெள்ளையர் வார்டுகளில் பொது வீடுகள் வராதபடி நகர மன்றத்தினர் பார்த்துக்கொண்டதால், ஏழைக் கறுப்பினக் குடும்பங்களை ஒரே பட்டையில் மேல்நோக்கி அடுக்கினார்கள். பொது வீடுகளை நடத்திய நிர்வாகம் இனப் பாகுபாடு காட்டியது என்று 1969இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று அந்தக் கட்டடங்களில் ஒன்றுகூட இல்லை. 2007க்குள் எல்லாமே இடிக்கப்பட்டன.

அறிவுலகமும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர் 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வளாகத்தில் அவர் வகுப்பெடுப்பதற்கு அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி ஒரு புல முதல்வர் தடை சொன்னார். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் தலையிட்டு அனுமதித்தார். அதே பல்கலைக்கழகத்தில்தான் ஏ.கே. ராமானுஜன் சங்கக் கவிதைகளை ஆங்கில வாசகரிடம் கொண்டுபோனார். கதவை அடைப்பவரும் திறப்பவரும் ஒரே கட்டடத்தில் இருந்திருக்கிறார்கள். சிகாகோவை முழுமையாக வெறுக்கவும் முடியாமல் முழுமையாகப் போற்றவும் முடியாமல் நிறுத்துவது இதுதான்.

இங்கே சில மறுப்புகள் எழும். சிகாகோவை உருவாக்கியது நில அமைப்பு, இதில் குணம் எங்கே வந்தது என்று கேட்கலாம். நில அமைப்பு மட்டுமே போதுமென்றால் மிசிசிப்பியின் மேல் நேரடியாக அமர்ந்திருந்த செயின்ட் லூயிஸ்தான் முந்தியிருக்க வேண்டும். 1880 கணக்கெடுப்பில் சிகாகோ ஐந்து லட்சத்தைத் தாண்டியபோது செயின்ட் லூயிஸ் மூன்றரை லட்சத்தில் நின்றது. ஆற்றை நம்பிய நகரத்தை ரயிலை நம்பிய நகரம் வென்றது. 1871 அக்டோபர் தீயில் சுமார் 17,000 கட்டடங்கள் எரிந்து, ஒரு லட்சம் பேர் வீடிழந்த பிறகும் அந்த வேகம் தளரவில்லை. 1885இல் உலோகச் சட்டகத்தின் மேல் நின்ற ஹோம் இன்சூரன்ஸ் கட்டடமும், டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் வடிவமைத்த 110 மாடி சியர்ஸ் கோபுரமும் அதே துணிச்சலின் வாரிசுகள்.

சாக்கடையையும் மனிதரையும் ஒரே நூலில் கோக்கலாமா என்பது இன்னும் வலுவான மறுப்பு. பொறியியல் வேறு, இனவெறி வேறுதான். இனவெறி சிகாகோவுக்கு மட்டும் சொந்தமும் அல்ல. ஆனால் விரைவுச்சாலை எந்தத் தெருவை இடித்துக்கொண்டு போகும், பொது வீடுகள் எந்த வார்டில் எழும், எந்தப் பகுதிக்கு வங்கிக் கடன் மறுக்கப்படும் என்பனவெல்லாம் வரைபடத்தின் மேல் கோடு போட்டு எடுத்த முடிவுகள். நிலத்தை மாற்றியமைக்கக் கற்ற நகரம் அந்தத் திறமையை மக்களைப் பிரித்துவைக்கவும் பயன்படுத்தியது. இதைப் பார்க்காமல், சிகாகோ என்றால் கொலைகார நகரம் என்று சொல்வது சோம்பேறித்தனம். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் செயின்ட் லூயிஸ், நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களின் கொலை விகிதம் நீண்ட காலமாகச் சிகாகோவைவிட அதிகம். சிகாகோவுக்குள்ளேயே தெற்கிலும் மேற்கிலும் உள்ள, முதலீடு வற்றவிடப்பட்ட சில பகுதிகளில்தான் துப்பாக்கிச் சாவுகள் குவிகின்றன.

இதற்கு 1995 ஜூலையின் வெப்ப அலையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள். பிண அறையில் இடமில்லாமல் குளிர்பதன லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இறந்தவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். சமூகவியலாளர் எரிக் க்ளைனன்பெர்க் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் இரண்டிலும் தனித்து வாழும் ஏழை முதியவர்கள் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தார்கள். ஆனால் நார்த் லான்டேலின் இறப்பு விகிதம் பத்து மடங்கு. சவுத் லான்டேல் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதி. கடை திறந்திருந்தது, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் வெளியே வந்து குளிர்ச்சியான கடைகளில் நின்றார்கள். நார்த் லான்டேலில் ஆலைகள் போயிருந்தன, கடைகள் போயிருந்தன, காலி மனைகள்தான் மிச்சம். பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தவர்கள் மாண்டார்கள். வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

விலையைச் சாமானியர் தலையில் ஏற்றாமலும் அந்த நகரத்தால் பெரிய காரியம் செய்ய முடியும் என்பதற்கு ஏரிக்கரையே சாட்சி. தீயில் எரிந்த இடிபாடுகளை ஏரியில் கொட்டி நிலமாக்கிய இடத்தில்தான் கிராண்ட் பூங்காவின் ஒரு பகுதி நிற்கிறது. அங்கே கட்டடம் கட்டக் கிளம்பியவர்களை எதிர்த்து, தபால்வழி வணிகர் மான்ட்கோமரி வார்ட் 1890 முதல் இருபது ஆண்டுகள் வழக்காடினார். நாளிதழ்கள் அவரைப் பழித்தன, அவர் விடவில்லை. 1909இல் டேனியல் பர்னம் வகுத்த நகரத் திட்டமும் ஏரிக்கரை மக்களுக்கே சொந்தம் என்றது. இன்று நகரத்தின் ஏரிக்கரையில் பெரும்பகுதி பொதுப் பூங்காவாகவும் கடற்கரை போன்ற மணற்பரப்பாகவும் இருக்கிறது. 18 மைல் நடைபாதையில் யாரும் காசு கொடுக்காமல் நடக்கலாம்.

ஆகவே சிகாகோவிடம் இல்லாதது திறமை அல்ல. ஏரியின் அடியில் சுரங்கம் வெட்டிக் கொண்டுவந்த அந்தக் குடிநீர், வீட்டு வாசல் வரும்போது ஈயக் குழாய்க்குள் நுழைகிறது. 1986இல் கூட்டரசு தடைசெய்யும் வரை ஈயக் குழாயைத்தான் போட வேண்டும் என்று நகர விதிகளே கட்டாயப்படுத்தின. சுமார் நான்கு லட்சம் இணைப்புகளுடன், அமெரிக்க நகரங்களிலேயே அதிக ஈயக் குழாய்கள் உள்ள நகரம் இன்று சிகாகோதான். தெற்கே போகும் ரெட் லைன் ரயில் 1969இல் 95ஆம் தெருவோடு நின்றது. அதற்கும் தெற்கே வாழும், பெரும்பாலும் கறுப்பினத்தவரான மக்களுக்கு 130ஆம் தெரு வரை ஐந்தரை மைல் நீட்டித் தருவதாகச் சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆற்றைத் திருப்பிய நகரத்துக்கு ஐந்தரை மைல் தண்டவாளம் முடியாத வேலை என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது.