களிமண்ணில் ஓர் ஆடுகளம்

சப்பிரகமுவத் தோட்டங்களில் சமதரை என்பது அருமையாகக் கிடைக்கும் பொருளாகும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலைக்கும் றப்பருக்கும் போக எஞ்சிய நிலத்திலேதான் பெரும்பாலும் லயங்கள் நிற்கின்றன. பின்புறம் மேடு, முன்புறம் பள்ளம். மாலை வேளையில் பந்தெடுத்த பிள்ளைகள் வண்டிப் பாதையையே களமாகக் கொள்கின்றனர். ஆகவே, தோட்ட நிருவாகத்தின் அனுமதியோடு லயத்தின் பின்புறத்தில் ஒரு கரப்பந்தாட்டக் களம் அமைக்க இளைஞர் முனைவது இயல்பே. 1991ஆம் ஆண்டில் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட இவ்வாட்டத்துக்கு ஒரு பந்தும் ஒரு வலையும் இரு கம்பங்களும் போதும், பன்னிருவர் ஆடலாம். ஆயினும் தை மாதத்தில் ஆசையோடு வெட்டிய களம் வைகாசி மழையில் சேற்றுக் குட்டையாவதைக் கண்டோர் பலர்.

இதற்குக் காரணம் மண்ணின் இயல்பிலேயே உள்ளது. களித்துகள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு பங்கினும் சிறியது. அத்துகள்களிடையே புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. எனினும் களியெல்லாம் ஒரே குணமுடையன அல்ல. மன்னார் மாவட்டத்து முருங்கனில் உள்ள கருங்களி நனைந்தால் வீங்கும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். சப்பிரகமுவவின் செம்மஞ்சள் மண்ணில் அந்தக் குணம் குறைவு. அங்கே களத்தைக் கெடுப்பது மண்ணின் வீக்கமன்று, மழையே. இரத்தினபுரியில் ஆண்டுதோறும் 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பொழிகிறது.

பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. களிமண்ணை ஓரடி ஆழம் தோண்டிக் கருங்கற் சல்லியால் நிரப்பிவிட்டால் நீர் வடிந்துவிடும் என்று எண்ணுகின்றனர். சல்லியினூடே நீர் இறங்கும் என்பது உண்மையே. இறங்கிய பின் அது எங்கே போகும்? சுற்றிலும் அடியிலும் களி. தோண்டிய குழி ஒரு தொட்டியாகிவிடுகிறது. ஆதலால் களிமண்ணில் களத்தைத் தாழ்த்தலாகாது. சுற்றுப்புறத்தினும் சற்று உயர்த்தவே வேண்டும்.

ஆடுகளத்தின் அளவு நீளம் 18 மீற்றர், அகலம் 9 மீற்றர். நாற்புறமும் மும்மூன்று மீற்றர் வெளி விட்டால் 24க்கு 15 ஆகிறது. அதாவது 360 சதுர மீற்றர். ஓரங்குல மழை பெய்தால் இப்பரப்பில் மட்டும் ஏறக்குறைய 9,000 லீற்றர் நீர் விழும். அதற்கு வழி காட்டாமல் மண்வெட்டியைத் தொடுதல் வீண்.

மலைச்சரிவில் இதனினும் பெரிய கேள்வி ஒன்று எழுகிறது. ஐந்து மீற்றருக்கு ஒரு மீற்றர் இறங்கும் சரிவில் 15 மீற்றர் அகலத்தைச் சமப்படுத்தினால் மேற்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் மூன்று மீற்றர் வேறுபாடு வரும். மேலே ஒன்றரை மீற்றர் வெட்டி, கீழே ஒன்றரை மீற்றர் நிரப்ப வேண்டும். வெட்டிய மண்சுவரின் மேலேயோ நிரப்பிய மண்ணின் கீழேயோ ஒரு லயம் இருக்குமானால், அங்கே உறங்குவோரின் உயிர் அந்த மண்ணை நம்பியிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அது பெருமழையின் விளைவு. ஆயினும் சரிவை வெட்டுவது ஆபத்தைக் கூட்டும் என்பதில் ஐயமில்லை. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், புதிதாய்ச் சுரக்கும் கலங்கல் ஊற்று ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அவ்விடத்தைக் கைவிடுதல் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய வரைபடங்கள் உள்ளன. வெட்டுமுன் அதன் ஆலோசனையைப் பெறுதல் நன்று. இடம் குறுகியதாயின் பூப்பந்தாட்டக் களமே தகும். அதன் அகலம் 6.1 மீற்றர்தான், இருபுறமும் ஒவ்வொரு மீற்றர் விட்டாலும், அதே சரிவில் வேறுபாடு ஏறத்தாழ 1.6 மீற்றராகக் குறைந்துவிடும்.

இடம் தேர்ந்தபின் முதல் வேலை கான் வெட்டுவது. தோட்டத் தொழிலாளருக்கு இதைக் கற்பிக்க எவரும் வேண்டியதில்லை. மலையிலிருந்து வரும் நீரைக் களத்துக்கு மேலேயே மறித்துப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அந்நீர் எந்த லயத்தின் வாசலுக்கும் போகலாகாது. பின்னர்ப் புல்லையும் வேரையும் மேல்மண்ணையும் அகற்றி, நிரப்பும் பகுதியைப் படிப்படியாக வெட்டி, அரையடி கனத்துக்கு ஒருமுறை மண்ணிட்டுத் திமிசுக்கட்டையாலோ உருளையாலோ இறுக்க வேண்டும். ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்கவேண்டும், கையில் ஒட்டலாகாது. அதுவே இறுக்குவதற்கேற்ற ஈரம். மழை நின்ற மறுநாளே அவசரப்பட்டு இறுக்கினால் மண் மாவுபோலப் பிசையுமேயன்றி இறுகாது. இவ்வேலைக்குத் தை, மாசி மாதங்களே உகந்தவை.

இறுக்கிய களியின்மேல் நேரே சல்லியைக் கொட்டினால் அது நாளடைவில் களிக்குள் அமிழ்ந்துவிடும். இரண்டங்குல மணற்படை ஒன்றை இடையே பரப்பி, அதன்மேல் நான்கங்குலக் கிரவலை இறுக்கலாம்; இதற்கு 36 கன மீற்றருக்குக் குறையாத கிரவல் தேவை. விழுந்தெழுந்து ஆடும் ஆட்டமாதலால் மேற்பரப்புக்குச் சலித்த கிரவலும் மணலும் கலந்து இடவேண்டும். கூரிய கல் ஆகாது. பாரிசின் புகழ்பெற்ற ரொலாண் கரோஸ் களங்களைக் களிமண் தரை என்று உலகம் அழைக்கிறது. அங்கே மேலே இருப்பது ஓரிரு மில்லிமீற்றர் செங்கற்பொடியே. அடியில் சுண்ணாம்புக்கல்லும் கற்படைகளும் உள்ளன. பெயரை நம்பிப் பச்சைக் களிமேல் ஆட முயன்றால் வழுக்கி விழுவதே மிச்சம்.

மேற்பரப்பு நூற்றுக்கு ஒன்று சாய்ந்திருக்க வேண்டும். நீளவாட்டில் சாய்த்தால் ஓரணி மேட்டிலும் மற்ற அணி பள்ளத்திலும் நின்று ஆட நேரும். அகலவாட்டில் சாய்த்தால் இருவருக்கும் சமம். பதினைந்து மீற்றருக்குப் பதினைந்து சதம மீற்றர் இறக்கம், அதுவும் மலைப்புறமாக. வெளிப்புறம் சாய்த்தால் நிரப்பிய மண்ணை மழை அரித்துக்கொண்டு போய்விடும். மலையடியில் கல் பதித்த கானொன்று அந்நீரை ஏற்று வெளியேற்றும். நிரப்பிய ஓரத்தில் வெட்டிவேர் நடுவது சிக்கனமான காப்பு.

கையில் பணமிருந்தால் உடனே கொங்கிறீற்று இடலாம் என்று சிலர் நினைப்பர். வெட்டிய பாதி அசையாது. நிரப்பிய பாதி இரண்டொரு மழைக்காலம் அமிழ்ந்துகொண்டே இருக்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் தளம் வெடிக்கும். முதலாண்டு கிரவலோடு விட்டு, மழைக்குப் பின் நீர் தேங்கும் குழிகளுக்குக் குச்சி நட்டு அடையாளமிட்டு, காய்ந்ததும் கொத்தி நிரப்பி மீண்டும் இறுக்குவதே முறை. எல்லைக் கோடுகளையும் சுண்ணாம்பால் இடவேண்டாம். ஒரு மழையில் கரைந்துவிடும். தட்டையான நாடாவை ஆணியடித்துப் பதித்தால் அது நிலைக்கும்.